கொப்புக் கள்ளி

மாமி வந்துவிட்டுப் போன பிறகு வளவுக்குள் ஒரு சுற்றுப் போய்ப் பூச்சட்டிகளைப் பார்ப்பது எங்கள் தெருப் பெண்கள் எல்லோருக்கும் பழகிப்போன வேலை. நான் கொஞ்சம் கூடுதலாகவே பார்ப்பேன். ரோசாவின் மேற்குப் பக்கத்துக் கொப்பு இருக்கிறதா, அந்தூரியத்தின் அடியில் முளைத்த குட்டி இருக்கிறதா என்று பார்த்து, இல்லாவிட்டால் வாய்க்குள் திட்டிக்கொண்டு உள்ளே வருவேன். திட்டி முடிவதற்குள் சிரிப்பும் வந்துவிடும். அதில்தான் எனக்கு எரிச்சல் அதிகம்.

அவர் எனக்குச் சொந்த மாமி இல்லை. கல்முனையில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு வளவு தள்ளி, கடற்கரைப் பக்கமாக இருந்தவர். தொண்ணூறுகளின் நடுவில் அவருக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். கணவர் மவுத்தாகிப் பல வருடம். மகள்மார் இருவருக்கும் வழக்கப்படி வீடு கொடுத்தாகிவிட்டது. ஒரே மகன் சவூதியில். மாமிக்கென்று மிஞ்சியது ஒரு சின்ன வீடும் அதன் பின்வளவும்தான். அந்த வளவில் காலை வைக்க இடம் கிடையாது. மீன் பெட்டி, உடைந்த வாளி, ட்ராக்டர் டயர், ஓட்டைக் கிடாரம் என்று எதிலும் ஏதாவது முளைத்துக்கொண்டிருக்கும்.

எங்கள் ஊர் மண் வெறும் மணல். தென்னை, முருங்கை, வேம்பு, இதற்கு மேல் எதைக் கேட்டாலும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அந்த மணலில் மாமி தூரியான் வைத்தார். மங்குஸ் வைத்தார். றம்புட்டான் வைத்தார். எல்லாம் மழையிலும் ஈரத்திலும் வளர வேண்டிய மரங்கள். மாவடிப்பள்ளி வயல் பக்கமிருந்து வரும் ட்ராக்டர்களை நடு றோட்டில் மறித்து, "ரெண்டு மம்பட்டி மண் போட்டுட்டுப் போ மனே, ஒனக்குப் பறக்கத்து வரும்" என்று கறுப்பு மண் வாங்கிக் குழியை நிரப்புவார். உப்புக்காற்று இலையில் படிந்துவிடும் என்று பின்னேரம் அஸர் தொழுத கையோடு ஒவ்வோர் இலையாகத் தண்ணீர் தெளித்துத் துடைப்பார். அவ்வளவு செய்தும் தூரியான் ஐந்து வருடமாக முழங்காலைத் தாண்டவில்லை. றம்புட்டான் மட்டும் கூரை உயரத்துக்கு வளர்ந்து, வருடா வருடம் பூத்து, ஒரு காய்கூடப் பிடிக்காமல் நின்றது. விவசாயக் கந்தோரில் வேலை செய்த ஒருவர் வந்து பார்த்துவிட்டு, அது ஆண் மரம், காய்க்காது என்றார்.

"ஆம்புளையா?" என்று மாமி அண்ணாந்து மரத்தைப் பார்த்தார். "இவ்வளவு காலமும் ஊத்தின தண்ணியெல்லாம் குடிச்சிட்டு மூச்சுக் காட்டாம நிண்டிரிக்காரே!"

வெட்டச் சொன்னோம். வெட்டவில்லை. அன்றிலிருந்து அந்த மரத்தை 'அவர்' என்று மரியாதையாகச் சொல்லத் தொடங்கினார். அவருக்குத் தண்ணீர் ஊற்றவில்லை, அவருக்கு எறும்பு ஏறுகிறது என்று மாமி சொல்லும்போது புதிதாக வந்தவர்கள் உள்ளே யாரோ நோயாளி படுத்திருக்கிறார் என்று நினைத்துக்கொள்வார்கள்.

மாமியை உட்கார வைக்க யாராலும் முடியாது. தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் கொடுத்தால் அதோடு எழுந்து வளவைச் சுற்றத் தொடங்கிவிடுவார். ஒரு மிடறு குரோட்டனுக்குப் பக்கத்தில், ஒரு மிடறு கிணற்றடியில். இன்றைக்கு வாசலில் இருக்கும் சட்டி நாளைக்குக் கொல்லையில் இருக்கும், மறுநாள் மதிலில் இருக்கும். எந்தக் கண்டுக்கும் இருந்த இடம் நிரந்தரமில்லை. "அதுக்கு இந்த இடம் புடிக்கல்ல" என்பார். கண்டுக்கா மாமிக்கா என்று நான் கேட்பேன். காதில் விழாத மாதிரி நகத்துக்குள் ஏறிய மண்ணைக் கிளறிக்கொண்டிருப்பார். அவரோடு அரை மணித்தியாலம் கதைத்தால் எனக்குத் தலை கிறுகிறுக்கும். ஏனென்றால் அவர் நிற்கும் பக்கமெல்லாம் நானும் திரும்பிக்கொண்டிருக்க வேண்டும்.

களவுக்கு வருகிறேன். பூக்கண்டு விஷயத்தில் எங்கள் பக்கத்துப் பெண்களிடம் ஒரு நம்பிக்கை உண்டு. கேட்டு வாங்கிய கொப்பு பிடிக்காது, களவெடுத்து நட்டதுதான் தழைக்கும். மற்றவர்கள் இதைச் சிரிப்புக்குச் சொல்வோம். மாமி இதை வேலைமுறையாகவே வைத்திருந்தார். அவருடைய கைப்பையில் சவரப் பிளேடு ஒன்று, ஈரத்துணி ஒன்று, பொலித்தீன் பை இரண்டு எப்போதும் இருக்கும். கல்யாண வீடோ, பிள்ளைப்பேறு பார்க்கும் வீடோ, மவுத்து வீடோ, எதுவும் விலக்கில்லை. ஒருமுறை மவுத்து வீடொன்றில் ஜனாஸா எடுக்கும் நேரம் எல்லோரும் அழுதுகொண்டிருக்க, இவர் முக்காட்டைச் சரிசெய்வதுபோல் குனிந்து வரிக்குரோட்டனில் ஒரு நுனியை அறுத்ததை என் கண்ணால் கண்டேன். அவர் கண்ணிலும் தண்ணீர் வடிந்துகொண்டுதான் இருந்தது. தெருவில் அவருக்குக் கொப்புக் கள்ளி என்று பெயர். தெரியாதவர்கள் அது ஏதோ முள்ளுச் செடி என்று நினைப்பார்கள்.

ஆனால் மாமி தொழுகை நோன்பில் பிசகாதவர். களவு ஹறாம் என்பது அவருக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும். ஆகவே அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார். நோன்புக்கு முந்தி வரும் பறாஅத்துக்கு ரொட்டி சுட்டு, வாழைப்பழத்தோடு தட்டில் வைத்து, வீடு வீடாக ஹலால் கேட்டு வருவார். எடுத்த சாமானுக்கு உடையவரிடம் மனப்பொருத்தம் கேட்பதுதான் ஹலால் கேட்பது. உடையவர் வாயால் 'ஹலால்' என்று சொன்னால் அந்தப் பாவம் கழுத்தை விட்டு இறங்கிவிடும்.

"புள்ள, போன மாசம் ரோசாவில ஒரு கொப்பு. அதுக்கு முந்தி அந்தூரியக் குட்டி ஒண்டு. கிணத்தடியில நிண்ட மான்கொம்புக் கண்டில ஒரு துண்டு. மறந்துபோனதையும் சேத்து ஹலாலாக்கித் தா."

"மான்கொம்பு எப்ப மாமி எடுத்த?"

"நீ எனக்குச் சீனி எடுக்க உள்ள போன நேரம்."

ரொட்டித் தட்டைக் கையில் வாங்கிக்கொண்டு எப்படி மறுப்பது? "ஹலால் மாமி" என்பேன். சொன்ன உடனே முகம் தெளிந்து, தட்டை வாங்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போவார். போகும் வழியில் என் மல்லிகையை ஒருமுறை பார்த்துக்கொண்டே போவார்.

எங்கள் வீட்டு ஜம்பு மரத்தில் நடந்ததை இன்றைக்கும் ஊரில் சொல்லிச் சிரிக்கிறார்கள். அது விதையில்லாத வெள்ளை ஜம்பு. கொப்பு வெட்டி நட்டால் பிடிக்காது. மாமி பல தடவை முயன்று தோற்றிருந்தார். அந்த மாதங்களில் திடீரென்று அவருக்கு எங்கள்மேல் பாசம் பொங்கியது. கிழமைக்கு இரண்டு தடவை வருவார். பிள்ளைகளுக்குச் சுகமா, மாப்பிள்ளைக்குச் சுகமா, சம்மாந்துறை நெல் ஆலையில் அவர் வேலை எப்படிப் போகிறது என்று கேட்டுக்கொண்டே ஜம்பு மரத்தடியில் நிற்பார். எனக்கு மனம் இளகிவிட்டது. பாவம், தனிமனிசி என்று நினைத்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் என் கணவர் ஜம்பு பறிக்கக் கொக்கத்தடியோடு நின்றவர், அப்படியே தடியைக் கீழே போட்டுவிட்டுப் பின்னால் பின்னால் நடந்து வந்தார். இலைகளுக்குள் உயரக் கொப்பொன்றில், கறுப்புப் பொலித்தீனில் இறுக்கிச் சுற்றி, கம்பியால் கட்டிய ஒரு பொதி. இரண்டு கை கொள்ளும் அளவு. அந்த யுத்த காலத்தில் குண்டுக்குப் பயந்து றோட்டில் கிடக்கும் சோற்றுப் பார்சலைக்கூட யாரும் காலால் தட்டமாட்டோம். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். தெருவே வெறிச்சோடிப்போனது. யாரோ சைக்கிளில் போய்ச் சொல்லி, இராணுவ முகாமிலிருந்து ஓர் அதிகாரியும் நான்கு பேரும் வந்து மதிலுக்கு வெளியே குந்திக்கொண்டு மரத்தைப் பார்த்தார்கள். கயிற்றில் கொளுக்கி மாட்டித் தூர நின்று இழுத்து விழுத்துவது என்று முடிவாகியது.

அப்போதுதான் மாமி வந்தார். செருப்பில்லாமல், முக்காடு தோளில் இழுபட, கையில் பிளேடோடு. "இழுத்திராதீங்க தம்பி! வேர் வந்திரிக்கும்! வேர் அறுந்திரும்!"

நாலு துவக்குகளும் மாமி பக்கம் திரும்பின. அவர் அதைக் கண்டதாகவே தெரியவில்லை. எங்கள் குசினியிலிருந்து கதிரையை இழுத்து வந்து, அதில் ஏறி, பொதியை அவிழ்த்தார். உள்ளே தேங்காய்த் தும்புச் சோறும் சாணியும் கலந்த ஈரக் கட்டி. அதற்குள்ளிருந்து வெள்ளை வேர்கள் நூல் நூலாக வெளியே எட்டிப் பார்த்தன. கொப்பின் தோலை வளையமாகச் சீவி, பொதி கட்டி, மரத்திலேயே வேர்விட வைத்து, பிறகு அறுத்துக்கொண்டு போவதாகத் திட்டம். இரண்டு மாதமாக அவர் சுகம் விசாரித்தது எங்களை இல்லை, அந்த வேரைத்தான்.

அதிகாரிக்குக் கொஞ்சம் தமிழ் தெரியும். மாத்தறைப் பக்கத்துச் சிங்களவர். முதலில் கோபப்பட்டார். பிறகு வேரைக் கிட்டப் போய்ப் பார்த்தார். தன் அம்மாவுக்கும் இப்படி மரப் பைத்தியம் என்றார். மாமி அந்த இடத்திலேயே கொப்பை அறுத்து, பையில் போட்டு, அவர் கையில் கொடுத்து, மூன்று நாளைக்கு நிழலில் வைக்கச் சொன்னார். என் மரம், என் ஜம்பு. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடுத்த பறாஅத்துக்கு அதற்கும் ஹலால் கேட்டார். நான் ஒரு நாள் முழுக்க இழுத்தடித்துவிட்டுத்தான் கொடுத்தேன்.

இப்படி ஊரெல்லாம் கொப்புப் பொறுக்கியவரின் வளவில் ஒரே ஒரு கண்டு மட்டும் வேறு விதமாக இருந்தது. கிணற்றுக்குப் பின்னால், சாக்குத் தட்டி மறைவில், வேம்பில் கட்டிய ஊதா ஓர்க்கிட். வருடத்தில் இரண்டு தடவை முழ நீளக் கதிர் விட்டுப் பூக்கும். மாமி அதை இடம் மாற்றியதே இல்லை. பூவைப் பறித்ததில்லை. பக்கக் குட்டிகள் முளைத்தும் பிரித்து வைத்ததில்லை. மற்றக் கண்டுகளை 'இந்தா கொண்டு போ' என்று தூக்கிக் கொடுக்கும் மனிசி, இதில் ஒரு துண்டு கேட்டபோது முகத்தை இறுக்கிக்கொண்டார்.

"அது அமானிதம் புள்ள. அதைக் கேளாத."

அமானிதம் என்றால் ஒருவர் நம்பிப் பாதுகாக்கத் தந்த பொருள். யார் தந்தது என்று கேட்டேன். தூரியானுக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று போய்விட்டார்.

மகன் மாமியை ஹஜ்ஜுக்கு அனுப்ப ஏற்பாடு செய்த வருடம்தான் அது வெளியில் வந்தது. ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் எல்லோரிடமும் ஹலால் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும். மாமி வழக்கமான வீடுகளை முடித்தார். புது வீடுகளுக்கும் போனார். முகாமில் அந்த அதிகாரி இன்னும் இருக்கிறாரா என்றுகூட விசாரித்தார். ஆனால் அமைதி வரவில்லை. முன்பு சட்டிகளைத்தான் இடம் மாற்றுவார். இப்போது வெறுங்கையோடு வளவைச் சுற்றி நடந்தார். ஒரு நாள் என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போய் ஓர்க்கிட்டைக் காட்டினார்.

"இது பெரிய டீச்சர்ர கண்டு."

பெரிய டீச்சர் என்றால் எங்கள் முஸ்லிம் பக்கத்தின் கடைசித் தெருவுக்கு அப்பால், தமிழ் ஆட்களின் பக்கத்தில் இருந்தவர். எனக்குப் படிப்பித்தவர், மாஸ்டர் என்று நாங்கள் சொல்லும் கணவரை இழந்தவர். அவரும் மாமியும் பூக்கண்டுச் சிநேகிதிகள். தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் கலவரம் வந்த வருடத்தில் நாங்களும் ஓடினோம், அவர்களும் ஓடினார்கள். நாங்கள் பள்ளிக்கூடத்தில் கிடந்துவிட்டுத் திரும்பி வந்தோம். அவர்கள் திரும்பவில்லை. அந்தப் பக்கத்து வீடுகள் கொஞ்ச நாளில் கூரையில்லாமல் போயின, பிறகு சுவர் மட்டுமாக நின்றன. எங்கள் ஆட்களும் அநியாயமாகச் செத்தார்கள், எங்கள் வீடுகளும் வேறு இடங்களில் அப்படித்தான் போயின. அதைச் சொல்லித்தான் நாங்கள் எல்லோரும் இந்தக் கதையை முடித்துக்கொள்வோம். நானும் அப்படித்தான் முடித்துக்கொண்டிருந்தேன்.

"ஆட்டைத் தேடிப் போன நான்" என்றார் மாமி. "வளவுக்குள்ள ஒரு சத்தமும் இல்ல. வேம்பில இது வாடிக் கிடந்திச்சி. தண்ணி ஊத்த ஆளில்ல. விட்டுட்டு வர மனம் கேக்கல்ல. கத்தியால நெம்பி எடுத்து மடியில கட்டிட்டு வந்திட்டன்."

"காப்பாத்தினதுதானே மாமி."

"நானும் அப்படித்தான் செல்லிட்டு இருந்தன். மவுலவிட்டக் கேட்டன். உடையவ தந்தாத்தான் அமானிதம், தராத சாமான் எப்படி அமானிதமாகும் எண்டு கேக்கார்." அவர் ஓர்க்கிட்டின் வேரைத் தொட்டுப் பார்த்துக் கையை எடுத்துக்கொண்டார். "அவவிட்ட ஹலால் எடுக்காம நான் எப்படி மக்கத்துக்குப் போற? நீ அவட மாணவி. என்னோட வா."

டீச்சர் மட்டக்களப்பில் மகள் வீட்டில் இருப்பதாகத் தகவல் எடுத்து, ஒரு சனிக்கிழமை காலை பஸ்ஸில் புறப்பட்டோம். ஓர்க்கிட்டை ஈரச் சாக்கில் சுற்றி மாமி மடியில் வைத்துக்கொண்டார். பல வருடம் வேம்போடு ஒட்டி வளர்ந்ததைப் பிடுங்கியதில் வேர்கள் இரண்டு முறிந்திருந்தன. வழியெல்லாம் சாக்கைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். சோதனைச் சாவடிகளில் எல்லோரும் இறங்கி நடக்க வேண்டும். ஓரிடத்தில் சீருடைப் பெண்ணொருத்தி பேனையால் வேர்களுக்குள் குத்திப் பார்த்தாள். "மல் நோனா, மல்" என்று தனக்குத் தெரிந்த சிங்களம் முழுவதையும் மாமி திரும்பத் திரும்பச் சொன்னார். பூ என்பதை அவளும் ஒப்புக்கொண்டாள். பஸ்ஸில் ஏறியதும் மாமி பேனை குத்திய வேரைத் தேடிப் பார்த்தார்.

டீச்சர் நன்றாக மெலிந்திருந்தார். என்னை உடனே அடையாளம் கண்டார். மாமியை விறாந்தையில் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு, "இரிங்க தங்கச்சி" என்றார். மாமி உட்காரவில்லை. சாக்கை அவிழ்த்து நிலத்தில் வைத்து, நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். ஆடு, வேம்பு, கத்தி, எதையும் மறைக்கவில்லை. கடைசியில், "எனக்கு இதை ஹலாலாக்கித் தாங்க டீச்சர். நான் ஹஜ்ஜுக்குப் போறன்" என்றார்.

டீச்சர் குனிந்து இலையைத் தடவினார். "இவ்வளவு பெருசாகிட்டா" என்றார். அவர் முகத்தில் சந்தோசம் வந்ததைக் கண்டு நான் மூச்சு விட்டேன். விசயம் நல்லபடியாக முடிந்தது, பின்னேர பஸ்ஸைப் பிடிக்கலாம் என்று நினைத்தேன்.

"நீங்க வந்த நேரம் வீடு இருந்ததா?" என்று டீச்சர் கேட்டார்.

"இருந்திச்சி டீச்சர்."

"ஓடு?"

"ஓடும் இருந்திச்சி."

"முதல் நாளே எல்லாம் எரிஞ்சிட்டு எண்டு எனக்குச் சொன்னவங்க." டீச்சர் இலையிலிருந்து கையை எடுக்கவில்லை. "முன்கதவு?"

"திறந்து கிடந்திச்சி."

"வேம்படியில நிண்டா நடுச்சுவர் நேரே தெரியும். மாஸ்டர்ர படம் மாட்டியிருந்தன். அவர்ர படம் எண்டு அது ஒண்டுதான். அவசரத்தில விட்டுட்டு ஓடிட்டன். அது இருந்ததா தங்கச்சி?"

மாமி ஓர்க்கிட்டைப் பார்த்தார்.

"நான் பாக்கல்ல டீச்சர்" என்றார். "பூவைத்தான் பாத்தன்."

உள்ளே பேரப்பிள்ளை ஏதோ பாடமாக்கும் சத்தம் கேட்டது. டீச்சர் சேலைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டார்.

"நாலு எட்டு வைச்சிருந்தா எடுத்திருக்கலாம்" என்றார். குரலில் கோபம் இருக்கவில்லை. இருந்திருந்தால் எனக்கு நல்லாயிருந்திருக்கும். "சரி. பூவுக்கு ஹலால். இப்படித்தானே சொல்ற? ஹலால். சந்தோசமாப் போயிட்டு வாங்க. கண்டை இஞ்ச வைச்சிட்டுப் போங்க."

திரும்பி வரும்போது மாமியின் மடி வெறுமையாக இருந்தது. கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தார். கல்லாற்றுப் பாலம் தாண்டும்போது என் பக்கம் திரும்பினார்.

"பூவுக்குத் தந்திட்டா. படத்துக்கு நான் கேக்கவே இல்லையே புள்ள."

"படத்தை நீங்க எடுக்கல்லயே மாமி."

"அதத்தான் நானும் செல்றன். எடுக்கல்ல."

பயணத்துக்கு மூன்று கிழமை இருந்தது. மற்ற ஹஜ்ஜாளிமார் துணி தைக்கக் கொடுத்துக்கொண்டிருந்த நேரத்தில் மாமி மறுபடியும் வீடு வீடாகப் போகத் தொடங்கினார். இந்தத் தடவை வளவுப் பக்கம் திரும்பவில்லை. நேரே முன்மண்டபத்துக்குள் வந்து சுவரைப் பார்த்தார். ஆள் படம் எங்கள் வீடுகளில் யாரும் தொங்கவிடமாட்டோம். ஆனால் குர்ஆன் வசனம் எழுதிய சட்டங்கள் எல்லா வீட்டிலும் உண்டு. மாமி அவற்றைக் கழற்றிப் பின்பக்கம் பார்க்கக் கேட்டார். அந்த வீடுகளில் மரச் சட்டத்துக்காக எடுத்தவர்கள் உள்ளே இருந்த படத்தை வசனத்துக்குப் பின்னாலேயே விட்டிருக்கலாம் என்பது அவருடைய கணக்கு.

கொப்புக் களவைச் சிரித்துக்கொண்டு பொறுத்த தெரு இதைப் பொறுக்கவில்லை. கொப்பு எடுத்தபோது கள்ளி அவர். இப்போது அவர் சட்டத்தைத் திருப்பினால் கள்ளர் நாங்கள். ஒரு வீட்டில் படலையைச் சாத்தினார்கள். ஒரு வீட்டில், "ஹஜ்ஜுக்குப் போறவ செய்யிற வேலையா இது?" என்று கேட்டார்கள். சொந்த மருமகன் ஒருவர் மகளை மாமி வீட்டுக்குப் போகவிடாமல் தடுத்தார். மாமி மெலிந்துபோனார். தூரியான் கருகியது. அவர் கவனிக்கவில்லை.

எங்கள் வீட்டுக்கு அவர் கடைசியாகத்தான் வந்தார். நான் பள்ளிக்கூடத்தில் படிப்பித்துவிட்டு வந்து களைப்போடு இருந்தேன். எங்கள் மண்டபத்தில் ஆயத்துல் குர்ஸி வசனம் சட்டம் போட்டுத் தொங்கியது. கலவரம் ஓய்ந்த வருடம், சைக்கிளில் கதிரையும் சட்டங்களும் கட்டிக்கொண்டு வந்த ஒருவனிடம் என் கணவர் அந்தச் சட்டத்தை வாங்கினார். நல்ல தேக்குச் சட்டம். எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்று எனக்குத் தெரிந்திருந்தது.

"எங்கட வீட்டிலயுமா மாமி?" என்று சத்தம் போட்டேன். "எல்லாரையும் கேவலப்படுத்தினது போதாதா?"

மாமி அன்றைக்கு ஜம்புக்கு ஏறிய அதே கதிரையை இழுத்து வந்து போட்டார். ஏறவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். நானே ஏறிச் சட்டத்தைக் கழற்றினேன். ஒன்றுமில்லை என்று அவர் முகத்திலடித்தாற்போல் காட்ட வேண்டும் என்ற கோபத்தில்தான் கழற்றினேன். பின்பலகையின் ஆணிகளை மாமி பிளேடால் நெம்பினார். பலகையை எடுத்தோம். ஆயத்துக்குப் பின்னால் இன்னொரு தடித்த தாள் இருந்தது.

மாஸ்டருடைய படம் இல்லை. பத்து வயதுப் பெண் பிள்ளை ஒன்று. இரட்டைப் பின்னல், நெற்றியில் பொட்டு, பள்ளிக்கூடச் சீருடை, கையில் பரிசுக் கிண்ணம். சிரிப்பை அடக்கிக்கொண்டு நிற்கிறாள். பழைய படத்தின் மேலேயே ஆயத்தை வைத்து அடைத்திருந்தார் என் கணவர். பிறகு கேட்டபோது, "தூக்கி எறிய மனம் வரல்ல" என்றார்.

மாமி அன்றைக்குத்தான் எங்கள் வீட்டில் உட்கார்ந்தார். அந்தக் கதிரையில், கைகளை மடியில் வைத்துக்கொண்டு, வெகு நேரம்.

"இது ஆர்ர புள்ள?" என்று கேட்டார்.

"தெரியாது மாமி."

"என்ர கண்டுகளுக்கெல்லாம் நான் உன்னிட்டக் கேட்டன். இதுக்கு நீ ஆரிட்டப் போய்க் கேப்ப?"

மாமி ஹஜ்ஜுக்குப் போய் வந்தார். வந்த பிறகும் மாஸ்டருடைய படத்தைத் தேடிக்கொண்டுதான் இருந்தார், கிடைக்கவில்லை. கிடைக்கவில்லை என்று சொல்வதற்காகவே இரண்டு தடவை மட்டக்களப்புக்குப் போய் வந்தார். இப்போது அவரும் இல்லை, டீச்சரும் இல்லை.

அந்தப் பிள்ளையின் படம் என்னிடம் இருக்கிறது. பின்னால் பெயர் எழுதவில்லை. ஆசிரியர் பயிற்சிகளுக்குப் போகும்போதெல்லாம் கைப்பையில் வைத்துக்கொண்டு போவேன். தமிழ் டீச்சர்மார் நிறையப் பேர் வருவார்கள். யாரிடமாவது காட்டி, இந்தப் பிள்ளையைத் தெரியுமா என்று கேட்கலாம். இது உங்களிடம் எப்படி வந்தது என்று அவர்கள் திருப்பிக் கேட்பார்கள். ஒரு தடவைகூட நான் அதை வெளியில் எடுத்ததில்லை.